ஒரு பெயர், பல நிலங்கள்: ஃபிரிசியரின் மொழியும் வட்டார அடையாளமும்

முன்னுரை

ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியை இழந்த பின்னும் தன் பெயரைக் காத்துக்கொள்ள இயலுமா? ஒரு மொழியைப் பலர் பேசியும் மிகச் சிலரே எழுதுவாராயின் அம்மொழியின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது? சிறுபான்மை மொழிகளைப் பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எழும் இவ்விரு வினாக்களுக்கும் ஐரோப்பாவின் வடகடற் கரையோரத்தில் வாழும் ஃபிரிசியர் தக்க சான்றாக அமைகின்றனர். ஒரே பெயரைத் தாங்கிய இம்மக்கள் இன்று நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளில் பிரிந்து வாழ்கின்றனர். ஒரு பகுதியில் அவர்களது மொழி சட்ட உரிமையோடும் பள்ளிப் பாடமாகவும் வாழ்கிறது. மற்றொரு பகுதியில் பல கிளைமொழிகளாகச் சிதறி நலிகிறது. வேறொரு பகுதியில் மொழி மறைந்து பெயர் மட்டும் நிலைத்துள்ளது. இவ்வேறுபாடுகளுக்கான காரணங்களை வரலாறு, மொழியியல், கல்வி ஆகிய மூன்று நோக்குகளில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஃபிரிசியர் வாழும் நிலப்பகுதிகள்

ஃபிரிசியர் வாழும் நிலத்தை மூன்றாகப் பகுத்துக் காண்பது மரபு. முதலாவது மேற்கு ஃபிரிசியா. இது நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள ஃபிரீஸ்லாந்து மாநிலமாகும். இதன் தலைநகர் லேவார்டன். மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 650,000. 1997ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்தின் அலுவல்முறைப் பெயர் டச்சு வடிவில் வழங்காது, 'ஃப்ரிஸ்லான்' என்னும் ஃபிரிசிய வடிவிலேயே வழங்கி வருகிறது.

இரண்டாவது வட ஃபிரிசியா. இது ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் மேற்குக் கரையையும் சில்ட், ஃபோர், அம்ரும், ஹெல்கோலாந்து முதலிய தீவுகளையும் உள்ளடக்கியது. மூன்றாவது கிழக்கு ஃபிரிசியா. இது ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்தது. பழைய கிழக்கு ஃபிரிசிய மொழியின் எஞ்சிய ஒரே கிளை, இப்பகுதிக்குத் தெற்கே சதுப்பு நிலங்களுக்கு நடுவே அமைந்த சாட்டர்லாந்து என்னும் சிற்றூர்த் தொகுதியில் மட்டும் பேசப்படுகிறது.

இம்மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல. அவற்றின் மொழி வடிவங்களும் ஒன்றுக்கொன்று எளிதில் புரிவனவாக இல்லை. இதனால் மொழியியலாளர் பலர் இவற்றை ஒரே மொழியின் வட்டார வழக்குகளாகக் கொள்ளாமல் மூன்று தனி மொழிகளாகவே வகைப்படுத்துகின்றனர்.

வரலாற்றுப் பின்னணி

ஃபிரிசியர் என்னும் பெயர் ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது. மாட்டுத்தோல் வரியின் கடுமை தாளாமல் கி.பி. 28இல் இம்மக்கள் உரோமானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த செய்தியை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் தாழ்நிலத்தில் அவர்கள் மண்ணைக் குவித்து மேடுகள் அமைத்து, அவற்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்தனர். 'டெர்ப்' எனப்படும் இம்மேடுகள் இன்றும் அந்நிலப்பரப்பில் காணப்படுகின்றன.

எனினும் இப்பெயரின் தொடர்ச்சியைக் குருதித் தொடர்ச்சியாகக் கருதுவதற்கில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இக்கரையோரப் பகுதியின் பெரும்பகுதி மக்களின்றிப் போனதையும், 5ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புதியோர் வந்து குடியேறியதையும் அகழாய்வுகள் காட்டுகின்றன. நிலத்தின் பழம்பெயரைப் புதுக்குடிகள் ஏற்றுக்கொண்டனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். தொடக்கம் முதலே ஃபிரிசியர் என்னும் அடையாளம் இனத்தைக் காட்டிலும் நிலத்தோடு பிணைந்திருந்தது என்பதை இதனால் உணரலாம்.

இடைக்காலத்தில் ஃபிரிசியர் வடகடலின் சிறந்த வணிகராக விளங்கினர். 719இல் மறைந்த அரசன் ராட்போட் ஃபிராங்குகளின் விரிவாக்கத்தை எதிர்த்தான். 754இல் கிறித்துவ சமயப் பரப்புநர் போனிஃபேஸ் டோக்கும் என்னும் ஊரருகே கொல்லப்பட்டார். பின்னர் இந்நிலம் ஃபிராங்குப் பேரரசுக்குள் அடங்கியது. பேரரசன் சார்லமேனின் காலத்தில் ஃபிரிசியரின் வழக்காற்றுச் சட்டங்கள் இலத்தீன் மொழியில் தொகுக்கப்பட்டன.

இதற்கடுத்த நூற்றாண்டுகளில் தோன்றிய 'ஃபிரிசிய விடுதலை' என்னும் அரசியல் மரபே இம்மக்களின் நினைவில் ஆழப் பதிந்த ஒன்றாகும். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் நிலவுடைமைப் பிரபுக்கள் ஆண்ட காலத்தில் ஃபிரிசிய நிலங்கள் பிரபுக்களின்றித் தம்மைத் தாமே ஆண்டன. நாட்டுப் பகுதிகளின் பேராளர்கள் ஔரிச் நகருக்கு அருகில் உள்ள உப்ஸ்டால்ஸ்போம் என்னும் இடத்தில் கூடி முடிவெடுத்தனர். கடலை அணைகட்டித் தடுப்பது அனைவருக்கும் பொதுவான கடமையாக இருந்தமை இத்தன்னாட்சிக்குத் துணை நின்றது என வரலாற்றாசிரியர் சிலர் விளக்குவர். 1345இல் வார்ன்ஸ் என்னுமிடத்தில் ஹாலந்தின் கோமான் நான்காம் வில்லியமை ஃபிரிசியர் வென்றனர். அப்போரில் அவர் உயிரிழந்தார். எனினும் 1498இல் மன்னர் மாக்சிமிலியன் சாக்சனியின் ஆல்பர்ட்டை மேற்கு ஃபிரிசியாவின் ஆட்சியாளராக அமர்த்தியபோது அத்தன்னாட்சி முடிவுக்கு வந்தது.

மொழியின் இயல்பு

ஃபிரிசியம் செருமானிய மொழிக் குடும்பத்தின் மேற்குக் கிளையைச் சேர்ந்தது. ஐரோப்பியப் பெருநில மொழிகளுள் ஆங்கிலத்தோடு மிக நெருங்கிய உறவுடையது இதுவே. சில ஒலிமாற்றங்கள் இவ்வுறவைத் தெளிவாகக் காட்டுகின்றன. பாலாடைக்கட்டியை டச்சு மொழியினர் 'காஸ்' என்பர். ஃபிரிசியர் 'ட்சீஸ்' என்பர். ஆங்கிலத்தில் அது 'சீஸ்' ஆகும். தேவாலயத்தைக் குறிக்கும் டச்சுச் சொல் 'கெர்க்'. ஃபிரிசியத்தில் அது 'ட்சியெர்க்க'. ஆங்கிலத்தில் 'சர்ச்'. முன்னுயிருக்கு முன் நின்ற ககரம் அண்ண ஒலியாகத் திரிந்தமையை இச்சொற்களில் காண்கிறோம்.

இத்தகைய திரிபு தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. கன்னடத்தில் 'கிவி' எனவும் தமிழில் 'செவி' எனவும், கன்னடத்தில் 'கெம்பு' எனவும் தமிழில் 'செம்மை' எனவும் வழங்கும் சொற்களில் இதே திரிபு நிகழ்ந்துள்ளது. தமிழில் 'கேள்', 'கிளி' போன்று நாமடி ஒலி பின்வரும் சொற்களில் ககரம் திரியாது நிற்பதும் நாம் அறிந்ததே. இவ்விரு நிகழ்வுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஒத்த ஒலிச்சூழல் உறவில்லாத மொழிகளிலும் ஒத்த மாற்றத்தை விளைவிக்கும் என்பதை வகுப்பறையில் விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஆங்கிலத்தோடு உள்ள இவ்வுறவை மிகைப்படுத்தலும் ஆகாது. பழைய ஆங்கிலமும் பழைய ஃபிரிசியமும் நெருங்கியிருந்தன என்பது உண்மை. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டச்சு மொழியோடு கலந்து வாழ்ந்தமையால் இன்றைய மேற்கு ஃபிரிசியத்தின் சொல்வளமும் தொடரமைப்பும் டச்சு மொழியையே பெரிதும் ஒத்துள்ளன.

எழுத்துமொழியின் வீழ்ச்சியும் மீட்சியும்

பழைய ஃபிரிசியத்தில் இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சட்ட நூல்களே. தன்னாட்சி நிலவிய காலத்தில் நீதி வழங்கவும் ஆவணம் எழுதவும் அம்மொழி பயன்பட்டது. தன்னாட்சி வீழ்ந்ததும் ஆட்சி, நீதி, சமயம் ஆகிய துறைகளில் டச்சு மொழி இடம்பிடித்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் ஃபிரிசியம் உழவர் வீட்டிலும் வயலிலும் பேசும் மொழியாகச் சுருங்கியது. நகரங்களில் டச்சும் ஃபிரிசியமும் கலந்த 'நகர ஃபிரிசியம்' என்னும் வழக்குத் தோன்றியது. நகரத்தார் மொழி உயர்ந்தது, நாட்டுப்புறத்தார் மொழி தாழ்ந்தது என்னும் எண்ணமும் இக்காலத்தில் வேரூன்றியது.

இச்சூழலில் எழுத்துமொழியை மீட்க முனைந்தவர் போல்ஸ்வார்ட் நகரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் கிஸ்பெர்ட் யாப்பிக்ஸ் (1603-1666) ஆவார். அவருடைய கவிதைத் தொகுதி அவர் மறைந்த பின்னர் 1668இல் வெளிவந்தது. பேச்சுமொழியாக மட்டும் எஞ்சிய ஒரு மொழியில் உயர்ந்த இலக்கியம் படைக்க இயலும் என்பதை அவர் நிறுவினார். 19ஆம் நூற்றாண்டில் ஹால்பெர்ட்ஸ்மா உடன்பிறப்பினர் மூவர் கதைகளையும் பாடல்களையும் எழுதி எளிய மக்களிடையே படிக்கும் பழக்கத்தைப் பரப்பினர். 1844இல் ஃபிரிசிய மொழிக்கும் இலக்கியத்துக்குமான சங்கம் நிறுவப்பட்டது. 1938இல் ஃபிரிசியக் கல்விக்கழகம் தோன்றியது. 1943இல் முழு விவிலியமும் ஃபிரிசியத்தில் வெளிவந்தது. அக்கல்விக்கழகம் உருவாக்கிய பேரகராதி 1984 தொடங்கி 25 தொகுதிகளாக வெளிவந்து நிறைவுற்றது.

தனியார் பற்றும் புலமையும் ஒரு மொழிக்கு அகராதியையும் இலக்கியத்தையும் தர இயலும். ஆனால் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் அம்மொழிக்கு இடம் தரச் சட்டம் வேண்டும். அச்சட்டத்திற்கு வழிவகுத்தது ஒரு வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியாகும்.

1951: தடியடி வெள்ளி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் நீதிமன்றங்களில் ஃபிரிசியம் பேசும் உரிமை மக்களுக்கு இல்லை. வழக்கு விசாரணை ஒன்றில் ஃபிரிசியத்தில் பேச நீதிபதி இடந்தராததைக் கண்டித்து இதழாசிரியரும் கவிஞருமான ஃபெட்டே ஸ்கூரர் எழுதினார். அதற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் லேவார்டன் நீதிமன்றத்தின் முன் அவருக்கு ஆதரவாகத் திரண்ட மக்கள்மீது காவலர்கள் தடியடி நடத்தியும் நீரைப் பீய்ச்சியும் கூட்டத்தைக் கலைத்தனர். அந்நாள் இன்றளவும் 'தடியடி வெள்ளி' என்னும் பொருள்படும் பெயரால் நினைவுகூரப்படுகிறது.

இந்நிகழ்ச்சி நடுவண் அரசின் கவனத்தை ஈர்த்தது. 1955இல் தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகளில் ஃபிரிசியத்தைப் பயிற்றுமொழியாகப் பயன்படுத்தச் சட்டம் இடமளித்தது. 1956இல் நீதிமன்றத்தில் அம்மொழியைப் பேசும் உரிமை வழங்கப்பட்டது. 1996இல் வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் சாசனத்தை நெதர்லாந்து உறுதிப்படுத்தியபோது, விரிவான கடப்பாடுகளை உள்ளடக்கிய அதன் மூன்றாம் பகுதி ஃபிரிசியத்துக்குப் பொருந்துமாறு ஏற்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஃபிரிசிய மொழிப் பயன்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று ஃபிரீஸ்லாந்து மாநிலத்தில் டச்சும் ஃபிரிசியமும் அலுவல்மொழிகளாகும்.

பள்ளியில் ஃபிரிசியம்

1980இல் ஃபிரீஸ்லாந்தின் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் ஃபிரிசியம் கட்டாயப் பாடமாயிற்று. 1993இல் இடைநிலைப் பள்ளியின் கீழ் வகுப்புகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் கட்டாயம் என்னும் சொல்லும் வகுப்பறை நடைமுறையும் ஒன்றல்ல. பல பள்ளிகளில் வாரத்திற்கு ஒரு பாடவேளை மட்டுமே ஒதுக்கப்பட்டது. சில பள்ளிகள் விலக்கும் பெற்றன.

இக்குறையை உணர்ந்து 1997இல் ஏழு பள்ளிகளில் மும்மொழிப் பள்ளித் திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் முதல் ஆறு ஆண்டுகளில் கற்பிக்கும் நேரத்தில் பாதி ஃபிரிசியத்திற்கும் பாதி டச்சுக்கும் உரியது. இறுதி இரண்டு ஆண்டுகளில் ஃபிரிசியம் 40 விழுக்காடு, டச்சு 40 விழுக்காடு, ஆங்கிலம் 20 விழுக்காடு எனப் பகிரப்படுகிறது. இங்கு ஃபிரிசியமும் ஆங்கிலமும் தனிப் பாடங்களாக நில்லாமல் பிற பாடங்களைக் கற்பிக்கும் மொழிகளாகவும் அமைகின்றன. ஃபிரிசியத்திற்கு நேரம் ஒதுக்கினால் டச்சு மொழியில் பிள்ளைகள் பின்தங்குவர் என்னும் பெற்றோரின் அச்சம் இத்திட்டத்தின் மதிப்பீட்டில் மெய்ப்படவில்லை. அப்பள்ளிகளின் மாணவர் டச்சு மொழியில் பிற பள்ளி மாணவர்க்கு ஈடாகவே விளங்கினர்.

இவ்வளவு முயற்சிக்குப் பின்னும் மொழித்திறன்களிடையே பெரும் இடைவெளி நிலவுகிறது. மாநிலத்தில் வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் ஃபிரிசியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வர். மூன்றில் இரு பங்கினர் பேசுவர். ஏறத்தாழப் பாதிப் பேர் இடர்ப்பாடின்றிப் படிப்பர். நன்கு எழுத வல்லோரோ ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. மொழியை வீட்டில் கற்ற தலைமுறை அதைப் பள்ளியில் எழுதக் கற்காததன் விளைவு இது. எழுத வராத மொழியில் விண்ணப்பம் எழுத மக்கள் தயங்குவர். விண்ணப்பம் வராத மொழியில் அலுவலகம் விடை எழுதாது. சட்டம் வழங்கிய உரிமை இவ்வாறு பயனின்றி நிற்கும் நிலை உருவாகிறது.

வட ஃபிரிசியாவும் சாட்டர்லாந்தும்

வட ஃபிரிசியாவின் நிலை இதனினும் கடினமானது. அங்குப் பேசுவோர் தொகை 10,000 அல்லது அதற்கும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. இச்சிறு தொகையினரும் பல கிளைமொழிகளைப் பேசுகின்றனர். தீவுகளில் 8ஆம் நூற்றாண்டளவிலும் பெருநிலத்தில் அதன்பின் சில நூற்றாண்டுகள் கழித்தும் குடியேற்றம் நிகழ்ந்தமையால் இரு பிரிவுகளும் தொடக்கத்திலேயே வேறுபட்டன. ஒவ்வொரு தீவினரும் தம் பேச்சைத் தீவின் பெயராலேயே அழைக்கின்றனர். சில்ட் தீவின் மொழி 'சோல்ரிங்', ஃபோர் தீவின் மொழி 'ஃபேரிங்', அம்ரும் தீவின் மொழி 'ஓம்ராங்', ஹெல்கோலாந்தின் மொழி 'ஹலுண்டர்'. அனைவர்க்கும் பொதுவான எழுத்துமொழி உருவாகவில்லை. ஒரு பாடநூலை அச்சிட வேண்டின் அஃது எந்தக் கிளைமொழியில் அமைய வேண்டும் என்னும் வினா முதலிலேயே எழுகிறது.

கடலும் இம்மொழியைக் குறைத்தது. 1634ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஸ்ட்ராண்ட் என்னும் பெருந்தீவைப் பிளந்து பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. அத்தீவின் கிளைமொழியும் பின்னர் வழக்கொழிந்தது. அண்மைக் காலத்தில் 2004ஆம் ஆண்டின் ஃபிரிசியச் சட்டம் அலுவலகங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் இம்மொழிக்கு இடமளித்தது. டேனிய, ஃபிரிசியச் சிறுபான்மையினரின் கட்சி 2021இல் ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் ஓரிடம் பெற்றது. சிறுபான்மைக் கட்சிகளுக்கு ஐந்து விழுக்காட்டு வரம்பு பொருந்தாது என்னும் விதி இதற்குத் துணைபுரிந்தது.

சாட்டர்லாந்தில் பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேர். கடலோரத்திலிருந்து இடைக்காலத்தில் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்களான இவர்களைச் சுற்றிலும் சதுப்பு நிலம் சூழ்ந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டு வரை அவ்வூர்களை அடைவது அரிதாக இருந்தது. இத்தனிமையே மொழியைக் காத்தது. சாலைகளும் பள்ளிகளும் வந்தபின் அக்காப்பு நீங்கியது. இம்மொழியை ஆவணப்படுத்தியோருள் அமெரிக்க மொழியியலாளர் மேரன் ஃபோர்ட் சிறப்பிடம் பெறுகிறார். 1980இல் அவர் அகராதி வெளியிட்டார். 2000இல் அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

மொழியற்ற அடையாளம்

இனிக் கிழக்கு ஃபிரிசியாவை நோக்குவோம். அங்கு இடைக்காலத்தின் இறுதியிலிருந்து வணிகத்திலும் ஆட்சியிலும் கீழ் ஜெர்மன் மொழி பரவியது. ஃபிரிசியம் படிப்படியாக மறைந்தது. ஆயினும் அங்குள்ளோர் இன்றும் தம்மைக் கிழக்கு ஃபிரிசியர் என்றே பெருமிதத்தோடு கூறுகின்றனர். உப்ஸ்டால்ஸ்போம் அவர்களுடைய நினைவிடமாக விளங்குகிறது. கற்கண்டும் பாலேடும் சேர்த்துத் தேநீர் அருந்தும் அவர்களுடைய பழக்கம் 2016இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மொழியின் இடத்தை வரலாற்று நினைவும் அன்றாடப் பழக்கமும் நிரப்பியுள்ளன எனலாம்.

மேற்கு ஃபிரிசியாவிலும் அடையாளம் மொழியை மட்டும் சார்ந்ததன்று. ஏழு செந்நிற நீரல்லி இலைகள் பொறித்த கொடி, 'ஸ்ட்ரா', 'மா' என முடியும் குடும்பப் பெயர்கள், பதினொரு நகரங்களை இணைக்கும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஆகியன ஃபிரிசியம் பேசாதவரையும் ஃபிரிசியராக உணரச் செய்கின்றன. அப்பந்தயம் இறுதியாக நடைபெற்றது 1997இல். அதன்பின் பனிக்கட்டி போதிய தடிப்பு அடையவில்லை. எனினும் ஒவ்வொரு கடுங்குளிரிலும் அதைப் பற்றிய பேச்சு மாநிலமெங்கும் எழுகிறது.

அதே வேளையில், அடையாளத்தின் வலிமை மொழிக்குத் தானாகவே வலிமை தருவதில்லை. கொடியை ஏற்றுவதற்கும் பெயரைச் சூடுவதற்கும் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொழியை வாழவைக்கும் செயல்கள் வேறு. பெற்றோர் பிள்ளையிடம் பேசுவதும் ஆசிரியர் எழுதக் கற்பிப்பதும் அலுவலர் அம்மொழியில் விடையளிப்பதுமே அவை.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவதாக, ஆட்சி எல்லையும் மொழி எல்லையும் ஓரளவேனும் ஒன்றுபட்ட ஃபிரீஸ்லாந்தில் மொழிக்குச் சட்டமும் பள்ளியும் வாய்த்தன. அத்தகைய ஆட்சி எல்லை அமையாத பகுதிகளில் அவை காலந்தாழ்ந்தே வந்தன. இரண்டாவதாக, பொது எழுத்துமொழி உருவாகாத இடத்தில் கிளைமொழிப் பற்று மிகுந்திருந்தும் கல்வி முயற்சிகள் சிதறின. மூன்றாவதாக, சாட்டர்லாந்தைப் போன்று தனிமையால் காக்கப்பட்ட மொழி, தனிமை நீங்கியதும் வேறொரு காப்பைத் தேட வேண்டியதாயிற்று.

மொழி கற்பிப்போர் சிந்திக்க வேண்டியது ஃபிரீஸ்லாந்தின் எழுத்துத்திறன் பற்றிய செய்தியாகும். பேசுவோர் தொகையை மட்டும் எண்ணி ஒரு மொழி நலமாக உள்ளது என முடிவு செய்ய இயலாது. வீட்டில் கேட்டுப் பழகிய மொழியைப் பிழையின்றி எழுதவும் விரும்பிப் படிக்கவும் பள்ளி பயிற்றுவிக்காவிடில் அம்மொழி அடுத்த தலைமுறையில் அடுப்படியோடு நின்றுவிடும். வாரத்திற்கு ஒரு பாடவேளை அப்பயிற்சிக்குப் போதாது என்பதை ஃபிரிசியர் தம் பட்டறிவால் உணர்ந்துள்ளனர். மும்மொழிப் பள்ளிகளை அவர்கள் தொடங்கியமைக்கும், எல்லாப் பள்ளிகளிலும் ஃபிரிசியப் பாடத்தை முழுமையாக்க 2030ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு திட்டமிட்டமைக்கும் இவ்வுணர்வே அடிப்படை. அத்திட்டத்தின் பயனை இனிவரும் தலைமுறையின் எழுத்தே காட்டும்.